போய்த் திரும்பும் பயணக் கணக்குகள்: சேலம்–ஏற்காடு சாலையை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும், அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களுக்கும் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தொலைவு, வேகம், நேரம் என்ற பாடத்தில் மற்றவற்றை எளிதாகக் கடந்துவிடுகிறவர்கள்கூட, ‘ஒரு வேகத்தில் போய் வேறொரு வேகத்தில் திரும்பினார்’ என்று கணக்குத் தொடங்கியதும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதில்களோடு எழுதியிருக்கிறேன்.

எல்லாக் கணக்குகளுக்கும் பெரும்பாலும் ஒரே சாலையையே எடுத்துக்கொண்டேன். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதை அது. மொத்தத் தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டியிருப்பதால், ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் வேறுபடுவதை இங்குள்ள பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஏறும்போது மணிக்கு 20 கி.மீ., இறங்கும்போது மணிக்கு 30 கி.மீ. என்று நான் கொள்வது கணக்கின் வசதிக்காகத்தான்.

இத்தகைய கணக்கைப் படித்தவுடன் முதலில் எதைத் தேட வேண்டும்?

மாறாமல் இருப்பது எது என்பதைத் தேட வேண்டும். வேகம் மாறுகிறது, அதனால் நேரமும் மாறுகிறது. ஆனால் போன சாலையிலேயே திரும்பி வந்தால் தொலைவு மாறுவதில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 30 கி.மீ. என்றால் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கும் அதே 30 கி.மீ.தான். இது சொல்லவே தேவையில்லாத உண்மை என்று தோன்றலாம். ஆனால் கணக்கில் இந்த உண்மையை யாரும் எழுதித் தருவதில்லை. ‘திரும்பினார்’ என்ற ஒரே சொல்லுக்குள் அது மறைந்திருக்கிறது. அந்தச் சொல்லின் அடியில் கோடிட்டு, பக்கத்தில் ‘தொலைவு சமம்’ என்று எழுதிவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும் என்பது என் வகுப்பில் கட்டாயம். சமன்பாட்டுக்கு வேண்டிய சமக்குறி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிடைக்கிறது.

எந்த எழுத்தை மாறியாகக் கொள்வது?

எந்த எழுத்தையும் கொள்ளலாம். பள்ளியில் ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். நான் இங்கே தொலைவுக்குத் ‘தொ’ என்றும், வேகத்துக்கு ‘வே’ என்றும், நேரத்துக்கு ‘நே’ என்றும் எழுதுகிறேன். எழுத்து எதுவானாலும், அது எதைக் குறிக்கிறது, எந்த அலகில் குறிக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். ‘தொ என்பது சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஒருவழித் தொலைவு, கிலோமீட்டரில்’ என்ற வரியை எழுதாமல் தொடங்கியவர்கள், கடைசியில் கிடைத்த விடை ஒருவழித் தொலைவா போய்வந்த மொத்தத் தொலைவா என்று தெரியாமல் திண்டாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடிப்படைக் கணக்கு ஒன்றை முழுமையாகச் செய்து காட்ட முடியுமா?

கணக்கு இது: ஒருவர் சேலத்திலிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏற்காட்டுக்குச் சென்று, அதே வழியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார். பயணத்துக்கு ஆன மொத்த நேரம் இரண்டரை மணி. ஒருவழித் தொலைவு எவ்வளவு?

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். எனவே ஏறிய நேரம் தொ/20 மணி, இறங்கிய நேரம் தொ/30 மணி. இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி என்பதால்,

தொ/20 + தொ/30 = 5/2

பகுதிகளான 20, 30, 2 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. இருபுறமும் 60ஆல் பெருக்கினால் 3தொ + 2தொ = 150 என்றாகும். அதாவது 5தொ = 150, தொ = 30. ஏறுவதற்கு ஒன்றரை மணி, இறங்குவதற்கு ஒரு மணி, கூட்டினால் இரண்டரை மணி, விடை சரி.

இந்தக் கணக்கில் அதிகமாக நடக்கும் தவறு பெருக்கும் இடத்தில்தான். இடப்புறத்தை 60ஆல் பெருக்கிப் பின்னங்களை நீக்கிவிட்டு, வலப்புறத்தில் இருக்கும் 5/2ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். 5தொ = 5/2, ஆகவே ஏற்காடு அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று ஒரு மாணவர் எழுதிக் காட்டினார். ஜன்னல் வழியாகச் சேர்வராயன் மலையைக் காட்டி, ‘அரை கிலோமீட்டர்தானா, தம்பி?’ என்று கேட்டேன். அவரே சிரித்துக்கொண்டு நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

தொலைவுக்குப் பதிலாக நேரத்தை மாறியாகக் கொள்ளலாமா?

கொள்ளலாம், பின்னங்களைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். ஏறிய நேரம் நே மணி என்றால், இறங்கிய நேரம் இரண்டரையில் மீதி, அதாவது (2.5 − நே) மணி. ஏறிய தொலைவு 20நே, இறங்கிய தொலைவு 30(2.5 − நே). முன்பு கோடிட்டு வைத்த ‘தொலைவு சமம்’ இங்கே நேரடியாகச் சமன்பாடாகிறது:

20நே = 30(2.5 − நே)

20நே = 75 − 30நே, 50நே = 75, நே = 1.5. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கிடைத்திருப்பது ஏறிய நேரம். கணக்கு கேட்டதோ தொலைவு. 1.5 என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. 20ஐ 1.5ஆல் பெருக்கி 30 கி.மீ. என்று முடிக்க வேண்டும்.

முதல் முறையில் நேரங்களைக் கூட்டிச் சமன்பாடு அமைத்தோம். இரண்டாம் முறையில் தொலைவுகளைச் சமமாக்கினோம். கணக்கு எதைக் கேட்கிறதோ அதையே மாறியாகக் கொள்ள வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

ஏறும் வேகம் 20, இறங்கும் வேகம் 30 என்றால் சராசரி வேகம் 25தானே?

இல்லை, 24. இந்தப் பாடம் முழுவதிலும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சராசரி வேகம் என்பது மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்துக் கிடைப்பது. மொத்தத் தொலைவு 60 கி.மீ., மொத்த நேரம் இரண்டரை மணி. 60 ÷ 2.5 = 24. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் இதைச் சொன்னவுடன் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. பாதித் தொலைவு 20இலும் பாதித் தொலைவு 30இலும் போனால் இரண்டுக்கும் நடுவில்தானே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 25 சரியாக வேண்டுமானால், இரண்டு வேகங்களிலும் சம நேரம் பயணம் செய்திருக்க வேண்டும். இரண்டரை மணியில் பாதி ஒன்றேகால் மணி. ஒன்றேகால் மணி நேரம் 20இல் ஏறினால் 25 கி.மீ.தான் போயிருப்போம், ஏற்காடு வருவதற்கு இன்னும் 5 கி.மீ. மிச்சமிருக்கும். அங்கேயே வண்டியைத் திருப்பி ஒன்றேகால் மணி நேரம் 30இல் இறங்கினால் 37.5 கி.மீ. வந்துவிடுவோம். வீட்டில் நிற்க வேண்டியவர் சேலத்தைத் தாண்டி மேலும் 12.5 கி.மீ. போய், நாமக்கல் சாலையில் மல்லூர்ப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்த பிறகு 25 என்று யாரும் வாதாடுவதில்லை.

உண்மையில் நடப்பது, மெதுவாகப் போகும் பாதியில் நாம் அதிக நேரம் இருக்கிறோம் என்பதுதான். இரண்டரை மணியில் ஒன்றரை மணி நேரம் 20இலும் ஒரு மணி நேரம் மட்டுமே 30இலும் கழிகிறது. ஆகவே சராசரி, குறைந்த வேகத்தின் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

அப்படியானால் சராசரி வேகத்துக்குச் சூத்திரம் உண்டா? எப்போது பயன்படுத்தலாம்?

உண்டு. ஒருவழித் தொலைவு தொ, வேகங்கள் அ, ஆ என்றால், மொத்தத் தொலைவு 2தொ, மொத்த நேரம் தொ/அ + தொ/ஆ. வகுக்கும்போது மேலேயும் கீழேயும் உள்ள தொ நீங்கிவிடுகிறது. மிஞ்சுவது 2அஆ/(அ + ஆ). கணிதத்தில் இதற்கு இசைச் சராசரி என்று பெயர். 20க்கும் 30க்கும் இது 1200/50 = 24. தொலைவு நீங்கிவிடுவதால், தொலைவே தராமல் சராசரி வேகத்தைக் கேட்கும் கணக்குகளில் ‘விவரம் போதவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டு தொலைவுகளும் சமமாக இருந்தால் மட்டுமே இந்தச் சூத்திரம் பொருந்தும். ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்பினாலோ, மூன்று வேகங்கள் வந்தாலோ இதை அப்படியே போடக் கூடாது. இன்னொரு செய்தியையும் விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்: சாதாரணக் கூட்டுச் சராசரிக்கும் இசைச் சராசரிக்கும் உள்ள வேறுபாடு (அ − ஆ)²/2(அ + ஆ). 20, 30 என்ற வேகங்களுக்கு அது 100/100 = 1 மட்டுமே. வேகங்கள் 10, 40 என்றிருந்தாலும் கூட்டுச் சராசரி அதே 25தான், ஆனால் உண்மையான சராசரி வேகம் 16. வேகங்கள் விலக விலகத் தவறு எவ்வளவு பெரிதாகிறது என்பதை இதிலிருந்து காணலாம்.

மேலே ஏறும்போது 20இல் சென்றுவிட்டேன். மொத்தப் பயணத்தின் சராசரி 40 ஆக வேண்டுமானால் எந்த வேகத்தில் இறங்க வேண்டும்?

எந்த வேகத்தில் இறங்கினாலும் முடியாது. பெரும்பாலோர் மனத்தில் உடனே தோன்றும் விடை 60. ஏனென்றால் 20க்கும் 60க்கும் நடுவில் 40 இருக்கிறது. சமன்பாடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். போய்வர 60 கி.மீ.; சராசரி 40 என்றால் மொத்த நேரம் ஒன்றரை மணியாக இருக்க வேண்டும். இறங்கும் வேகம் வே என்றால்,

30/20 + 30/வே = 3/2

இடப்புறத்தின் முதல் உறுப்பே 3/2. ஆகவே 30/வே = 0 என்றாகிறது. எந்த எண்ணால் 30ஐ வகுத்தாலும் பூச்சியம் வராது. இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. சாலையில் நின்று யோசித்தாலும் இதே முடிவுதான் வரும்: ஒன்றரை மணிக்குள் போய்த் திரும்பியிருக்க வேண்டியவர், அந்த ஒன்றரை மணியையும் ஏறுவதிலேயே செலவழித்துவிட்டு ஏற்காட்டு ஏரிக்கரையில் நிற்கிறார். இறங்குவதற்கு அவரிடம் ஒரு நொடிகூட இல்லை.

மணிக்கு 60இல் இறங்கினால் சராசரி 30 ஆகும். 180இல் இறங்கினால் 36. 380இல் இறங்கினால் 38. நாற்பதை நெருங்கிக்கொண்டே போகலாமே தவிர எட்ட முடியாது. அந்தச் சாலையில் 60இல் இறங்குவதையே யாரும் நினைத்துப் பார்க்கக் கூடாது என்பது வேறு செய்தி. கீழ் கியரில் மெதுவாக இறங்குவதும், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவதும்தான் மலைப்பாதை விதி.

விடை சரியாக வராமல் சற்றே விலகி வருகிறது. எங்கே தவறு நடந்திருக்கும்?

நிமிடத்தை மணியாக மாற்றிய இடத்தை முதலில் பாருங்கள். ஒருவர் சேலத்திலிருந்து ஓமலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் போய், 15 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார், மொத்தம் 2 மணி 15 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். 2 மணி 15 நிமிடம் என்பது 2.25 மணி. தொ/12 + தொ/15 = 2.25 என்பதை 60ஆல் பெருக்கினால் 9தொ = 135, தொ = 15. இதையே 2.15 என்று எழுதியவருக்கு 9தொ = 129, தொ = 14.33 என்று வரும். விடை முற்றிலும் அபத்தமாக இல்லாமல் உண்மைக்கு அருகிலேயே இருப்பதால் இந்தத் தவறு கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ரூபாய், பைசாவில் பழகிய கைக்குப் புள்ளிக்குப் பின் 15 என்று எழுதுவதுதான் இயல்பாக வரும். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதால் 15/60 என்று பின்னமாகவே எழுதிச் சுருக்குவது பாதுகாப்பானது. 40 நிமிடத்தை 2/3 என்றே வைத்துக்கொள்ளுங்கள், 0.67 என்று மாற்றினால் மறுபடியும் விடை விலகும்.

ஏற்காட்டில் தங்கிய நேரத்தை என்ன செய்வது?

கழித்துவிட வேண்டும். காலை 8 மணிக்குப் புறப்பட்டு, ஏற்காட்டில் அண்ணா பூங்காவையும் ஏரியையும் பார்த்து, மதிய உணவும் முடித்து, மொத்தம் 4 மணி நேரம் அங்கே இருந்துவிட்டுப் பிற்பகல் 2.30க்கு வீடு திரும்பினார் என்றால், இடைப்பட்ட ஆறரை மணியில் 4 மணி போக இரண்டரை மணிதான் பயண நேரம். சமன்பாட்டில் வருவது அது மட்டும்தான்.

மொத்த நேரத்துக்குப் பதிலாக ‘திரும்ப அரை மணி குறைவாக ஆயிற்று’ என்று தந்திருந்தால்?

கூட்டலுக்குப் பதில் கழித்தல் வரும். கூடுதல் நேரத்திலிருந்து குறைந்த நேரத்தைக் கழிக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்தால் போதும்: தொ/20 − தொ/30 = 1/2. அறுபதால் பெருக்கினால் 3தொ − 2தொ = 30. மெதுவாகப் போனதற்குத்தான் அதிக நேரம் ஆகியிருக்கும் என்பதால், சிறிய வேகம் பகுதியில் உள்ள பின்னம் முதலில் வர வேண்டும். மாற்றி எழுதினால் தொலைவு குறை எண்ணாக வந்து தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேகமே தெரியாவிட்டால் என்ன செய்வது? பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வருகிறதே?

தொலைவு 30 கி.மீ.; இறங்கும் வேகம் ஏறும் வேகத்தைவிட மணிக்கு 10 கி.மீ. கூடுதல், போய்வர இரண்டரை மணி, ஏறும் வேகம் என்ன? ஏறும் வேகம் வே என்றால்,

30/வே + 30/(வே + 10) = 5/2

இருபுறமும் 2வே(வே + 10) என்பதால் பெருக்கினால், 60(வே + 10) + 60வே = 5வே(வே + 10). விரித்து ஒருபுறமாகக் கொண்டுவந்தால் 5வே² − 70வே − 600 = 0; ஐந்தால் வகுத்தால் வே² − 14வே − 120 = 0. பெருக்கினால் −120, கூட்டினால் −14 தரும் எண்கள் −20, 6. எனவே (வே − 20)(வே + 6) = 0. மூலங்கள் 20, −6. வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது. ஆகவே ஏறும் வேகம் மணிக்கு 20 கி.மீ.

‘குறை எண்ணை ஏன் விட்டுவிடுகிறோம்? அது தவறான விடையா?’ என்று சிலர் கேட்கிறார்கள், நல்ல கேள்வி. சமன்பாட்டில் −6ஐப் பிரதியிட்டுப் பாருங்கள்: 30/(−6) = −5, 30/4 = 7.5, கூட்டினால் சரியாக 2.5 வருகிறது. சமன்பாட்டைப் பொறுத்தவரை அது குறையில்லாத தீர்வு. ஆனால் ஏறுவதற்கு −5 மணி ஆயிற்று என்றால், புறப்படுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சமன்பாட்டுக்குச் சாலை தெரியாது. சாலைக்குப் பொருந்தாத மூலத்தை நாம்தான் நீக்க வேண்டும், நீக்கியதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும்.

‘மடங்கு’ என்பதிலும் ‘கூடுதல்’ என்பதிலும் குழப்பம் வருகிறது. எப்படி வேறுபடுத்துவது?

‘10 கி.மீ. கூடுதல்’ என்றால் வே + 10. ‘ஒன்றரை மடங்கு’ என்றால் 1.5வே. ‘பாதி கூடுதல்’ என்றால் வே + வே/2, அதுவும் 1.5வே தான். ‘ஏறும் வேகம் இறங்கும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு’ என்றாலும் இதே உறவுதான், மறுபக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. மடங்காகத் தந்தால் இருபடிச் சமன்பாடு வராது என்பது ஒரு வசதி: 30/வே + 30/1.5வே என்பது 50/வே என்று சுருங்கி, 50/வே = 2.5, வே = 20 என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

குப்பனூர் வழியாகத் திரும்பினால்?

அப்போது ‘தொலைவு சமம்’ என்று எழுத முடியாது. ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகவும் சேலத்துக்கு இறங்கலாம். திரும்பும் வழி 12 கி.மீ. கூடுதல் என்று கணக்கில் தந்திருப்பதாகக் கொள்வோம் (இது உண்மையான அளவன்று, கணக்குக்காகக் கொண்டது). வேகங்கள் முன்போலவே 20, 30. மொத்தம் 2 மணி 54 நிமிடம், அதாவது 2.9 மணி. தொ/20 + (தொ + 12)/30 = 2.9. அறுபதால் பெருக்கினால் 3தொ + 2தொ + 24 = 174; தொ = 30. இரண்டாவது பின்னத்தைப் பெருக்கும்போது 12ஐயும் சேர்த்து இரண்டால் பெருக்க வேண்டும். அடைப்புக்குறி போடாதவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

அடிவாரம் வரை சமவெளி, அதன் பிறகு மலை. மூன்று வேகங்கள் வந்தால் எப்படிச் செய்வது?

இந்த வகைக் கணக்குகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. சமவெளியில் போகும்போதும் வரும்போதும் மணிக்கு 40 கி.மீ.; மலையில் ஏறும்போது 20, இறங்கும்போது 30; ஒருவழித் தொலைவு 30; மொத்த நேரம் 2 மணி 10 நிமிடம். சமவெளி எத்தனை கிலோமீட்டர்?

சமவெளிப் பகுதி ச என்றால் மலைப்பகுதி 30 − ச. சமவெளியில் ஒவ்வொரு கிலோமீட்டரையும் இருமுறை கடக்கிறோம்; அதற்கு 2/40 = 1/20 மணி. மலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1/20 + 1/30 = 1/12 மணி. ஆகவே ச/20 + (30 − ச)/12 = 13/6. அறுபதால் பெருக்கினால் 3ச + 150 − 5ச = 130; ச = 10. சமவெளி 10 கி.மீ., மலை 20 கி.மீ.

இப்போது ஒரு சிறு மாற்றம் செய்வோம். நகர நெரிசலில் சமவெளி வேகம் மணிக்கு 24 கி.மீ.தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியின் ஒரு கிலோமீட்டருக்குப் போய்வர 2/24 = 1/12 மணி. மலையின் ஒரு கிலோமீட்டருக்கும் அதே 1/12 மணி. சமவெளி எவ்வளவு, மலை எவ்வளவு என்று தெரியாமலே, மொத்தம் இரண்டரை மணி என்பதை மட்டும் வைத்துத் தொ/12 = 2.5, தொ = 30 என்று சொல்லிவிடலாம். அடிவாரம் எங்கே இருந்தாலும் விடை மாறாது. காரணம், 20க்கும் 30க்கும் இசைச் சராசரியான 24ஐயே சமவெளி வேகமாக எடுத்ததுதான். ஆனால் இதே கணக்கில் சமவெளி எத்தனை கி.மீ. என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. சமன்பாட்டில் ச நீங்கிப்போய் 2.5 = 2.5 என்று மட்டும் நிற்கும்.

ஆற்றில் படகு போய்வரும் கணக்கும் இதே வகையா?

அதே வகைதான், வேகம் மாறுவதற்கு மலைக்குப் பதிலாக நீரோட்டம் காரணமாகிறது. நிலையான நீரில் படகின் வேகம் 9, காவிரியின் நீரோட்டம் 3 என்றால், ஓட்டத்தோடு 12, எதிர்த்து 6. மொத்தம் 3 மணி என்றால் தொ/12 + தொ/6 = 3, தொ = 12. நீரோட்டம் போகும்போது உதவி, வரும்போது தடுத்து ஈடுகட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓட்டமே இல்லாவிட்டால் 24 கி.மீ.க்கு 2 மணி 40 நிமிடம்தான் ஆகியிருக்கும்; ஓட்டத்தால் 20 நிமிடம் நட்டம். மலைச் சாலையில் பார்த்த 25க்கும் 24க்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே இந்த உருவில் வருகிறது.

போட்டித் தேர்வில் இவ்வளவு எழுத நேரமில்லை. குறுக்கு வழி உண்டா?

தொலைவு சமமானால் வேகமும் நேரமும் எதிர் விகிதத்தில் இருக்கும். வேகங்கள் 2 : 3, ஆகவே நேரங்கள் 3 : 2. இரண்டரை மணியை ஐந்து பங்காக்கினால் ஒரு பங்கு அரை மணி. ஏறுவதற்கு மூன்று பங்கு, ஒன்றரை மணி. 20 × 1.5 = 30. பத்து நொடிக்குள் முடியும். ஆனால் வழிகள் வேறுபட்டால் இந்த வழி உதவாது என்பதால், சமன்பாட்டை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிறகே இதைச் சொல்லித்தருவது என் வழக்கம்.

ஒருவர் திரும்பி வரும்போது வழியில் இன்னொருவரைச் சந்திக்கும் கணக்கை எப்படி அமைப்பது?

காலை 8 மணிக்குச் சேலத்திலிருந்து ஒரு பேருந்தும் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒன்றாகப் புறப்படுகின்றன. பேருந்து மணிக்கு 20 கி.மீ.; மோட்டார் சைக்கிள் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏற்காட்டை அடைந்து, நிற்காமல் உடனே மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. இரண்டும் எப்போது எதிர்ப்படும்?

இங்கே சமமாக இருப்பவை இரண்டு வண்டிகளின் தொலைவுகள் அல்ல. பேருந்து மேலே வந்த தொலைவும் மோட்டார் சைக்கிள் கீழே இறங்கிய தொலைவும் சேர்ந்துதான் 30 கி.மீ. ஆகின்றன. புறப்பட்டு நே மணி கழித்துச் சந்திப்பதாகக் கொண்டால், பேருந்து 20நே கி.மீ. ஏறியிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு ஏறவே ஒரு மணி ஆகிவிட்டதால், இறங்கியது (நே − 1) மணி மட்டுமே. ஆகவே,

20நே + 40(நே − 1) = 30

60நே = 70, நே = 7/6 மணி, அதாவது 1 மணி 10 நிமிடம். 9.10க்குச் சந்திப்பார்கள். இடம், சேலத்திலிருந்து 20 × 7/6 = 23⅓ கி.மீ.; ஏற்காட்டிலிருந்து அளந்தால் 40 × 1/6 = 6⅔ கி.மீ.; இரண்டும் சேர்ந்து 30. சமன்பாடு இல்லாமலும் சரிபார்க்கலாம்: 9 மணிக்கு மோட்டார் சைக்கிள் ஏற்காட்டில் இருக்கும்போது பேருந்து 20 கி.மீ. வந்திருக்கும், இடைவெளி 10 கி.மீ.; இரண்டும் எதிரெதிராக வருவதால் மணிக்கு 60 கி.மீ. வீதம் இடைவெளி குறையும். பத்து நிமிடத்தில் எதிர்ப்படுவார்கள். அந்த இடம் ஒரு வளைவாக இருந்தால், ஓரமாக நின்று வழிவிட வேண்டியவர் மோட்டார் சைக்கிள்காரர்தான்.